செய்யவில்லை என்று எழுதித் தர வேண்டும்

என் யோகாக் கண்ணு,

உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சேரங்கோட்டில் மழை விடவே இல்லை. உன் அம்மா, என் சித்தி, அதிலும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். நான் உங்கள் வீட்டில் உட்காருவதும் எழுந்து நடப்பதுமாக இருக்கிறேன்.

கல்லூரிப் பரீட்சை ஹாலில் உன் பெஞ்சுக்கு அடியில் துண்டுச்சீட்டு கிடந்தது என்று சொல்லித் தேர்வு எழுத உனக்குத் தடை போட்டார்கள். "அது என் கையெழுத்தான்னு பாருங்க மேடம்" என்று நீ கெஞ்சியது பக்கத்து பெஞ்சிலிருந்த எனக்குக் கேட்டது. யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. என்னையும் விசாரிக்கவில்லை. சட்ட உதவி வக்கீலம்மாவைப் பிடித்து உயர் நீதிமன்றம் வரை போனாய். வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

செத்துப்போன பிள்ளைக்கு இனி எதற்கு வழக்கு என்றார்கள் எல்லோரும். வக்கீலம்மாவே தயங்கினார். "ஏனுங்கம்மா, மேல நடத்தணுங்களா?"

"எம்புள்ள திரும்பி வரமாட்டா, தெரியும். காப்பியடிச்சவங்கிற பேரு மட்டும் அங்க கெடக்கணுமா? நடத்துங்க" என்றாள் சித்தி.

வழக்கில் உன் இடத்தில் சித்தியைச் சேர்க்க நீதிபதி சம்மதித்தார். ஆதாரத்தைக் காட்டாமல், உன் தரப்பைக் கேட்காமல் தண்டித்தது தவறு, முறையாக விசாரியுங்கள் என்று கல்லூரிக்கு உத்தரவிட்டார்.

போன வாரம் கல்லூரியில் விசாரணை நடந்தது. சீட்டு ஜன்னல் பக்கமிருந்து காற்றில் நகர்ந்து வந்ததைப் பார்த்தேன் என்று சொன்னேன்.

"தங்கச்சிக்காக அக்கா பேசத்தானே செய்வா?" என்றார் ஒரு பேராசிரியர்.

நான் இன்னும் அவரிடம்தானே படிக்க வேண்டும்? "அன்னிக்கே கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன் சார். நீங்க கேக்கல" என்றேன்.

அந்தச் சீட்டைக் காட்டுங்கள் என்றாள் சித்தி. தேடினோம், கிடைக்கவில்லை என்றார்கள்.

நேற்று முடிவு வந்தது, யோகா. தண்டனை ரத்து. மாணவி இறந்துவிட்டதால் குற்றச்சாட்டு கைவிடப்படுகிறதாம். ஜெயித்துவிட்டோம் என்று துள்ளினேன். சித்தி அசையவில்லை.

"கைவிட்டாங்கன்னா? எம்புள்ள செஞ்சாளா, செய்யலையா?"

"அத எழுதல சித்தி."

"அப்போ செத்ததுக்காக மன்னிச்சுட்டாங்களா?"

நீ இருந்தால் இது போதும் என்பாயா? திரும்பக் கோர்ட்டுக்குப் போனால் தள்ளுபடி ஆகலாம் என்கிறார் வக்கீலம்மா. வகுப்பில் இப்போதே பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. ராத்திரியெல்லாம் பயமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் திங்கட்கிழமை நானும் சித்தியும் திரும்ப வழக்குப் போட வக்கீலம்மாவைப் பார்க்க ஊட்டிக்கு பஸ் ஏறுகிறோம். நீ செய்யவில்லை என்று கல்லூரிக்காரர்கள் கைப்பட எழுதித் தரும்வரை விடமாட்டேன். படிப்பே போனாலும் சரி.

உன் பெரியம்மா மகள்,
பிரமிளா அக்கா