மாப்பிள்ளை எழுத வேண்டிய வரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும், இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் இருக்கும் போதை மறுவாழ்வு இல்லத்தில் போனுக்கு அனுமதி இல்லை, கடிதம் மட்டும்தான் என்றார்கள். உங்களுக்கு நல்ல காலம். இதைப் போனில் சொல்லியிருந்தால் உங்கள் காது தாங்கியிருக்காது.

உங்கள் மாமா சௌக்கியம். டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு மட்டும் பதில் சொல்கிறார், எனக்குச் சொல்வதில்லை. என் பியூட்டி பார்லரும் ஓடுகிறது. எதிர்வீட்டுக்காரி புருவம் திருத்திக்கொள்ள வாரம் தவறாமல் வருகிறாள். திருத்துவதற்கு அங்கே முடி பாக்கியில்லை. மகள் ஏன் தனியாக வந்து தங்கியிருக்கிறாள், மாப்பிள்ளை எங்கே என்று மோப்பம் பிடிக்கத்தான் வருகிறாள். ஏசி மெக்கானிக்குகளுக்கு வெளியூரில் ஏதோ பயிற்சி, அதற்குப் போயிருக்கிறீர்கள் என்று அளந்துவிட்டேன். அவள் வீட்டு ஏசியில் தண்ணீர் ஒழுகுகிறதாம், வந்ததும் அனுப்பச் சொன்னாள். பொய் சொன்னாலும் உங்களுக்கு வேலை பிடித்துக் கொடுக்கிறேன் பாருங்கள்.

உங்கள் மனைவி இங்கே வந்ததிலிருந்து போதை ஊசியைத் தொடவில்லை. கிளினிக்கில் கொடுக்கிற மாற்று மருந்தைத் தினமும் போய்க் குடித்துவிட்டு வருகிறாள். அது ஒன்றுதான் இந்த வீட்டில் நல்ல செய்தி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் குறை சொல்ல வரவில்லை என்று நல்ல மாமியார்கள் எழுதுவார்கள். நான் குறை சொல்லத்தான் எழுதுகிறேன்.

கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து அவளுக்கு ஹெபடைடிஸ் சி என்று சொல்லியிருக்கிறார்கள். கல்லீரலைச் சத்தமில்லாமல் தின்கிற கிருமி, ஒரே ஊசியை இரண்டு பேர் போட்டுக்கொண்டால் ரத்தத்தோடு ரத்தமாகப் போய்விடும் என்று நர்ஸ் விளக்கினார். இதை அவள் உங்களுக்கு எழுதினாள். நீங்கள் எழுதிய பதிலை எனக்கு வாசித்தும் காட்டினாள். கனவில் வருகிறாய், உன் சிரிப்பு காதில் கேட்கிறது என்று பக்கம் பக்கமாக இருந்தது. கடைசியில் போனால் போகிறதென்று ஒரு வரி: இங்கேயும் ரத்தம் எடுக்கக் கூப்பிடுகிறார்கள், நான் போகவில்லை, எனக்கு ஒன்றும் இல்லை. அவளுக்குப் பின் எங்கிருந்து வந்தது மாப்பிள்ளை, காற்றிலா? வருடக்கணக்கில் எந்த அறிகுறியும் காட்டாமல் உள்ளேயே இருக்குமாம். நன்றாகத்தான் இருக்கிறேன் என்பது உங்கள் நாக்கு சொல்வது. ரத்தம் என்ன சொல்கிறது என்று நீங்கள் கேட்கவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் எனக்குத் தலைச்சாயம் பூசிவிட்டாள். ஊரார் தலைக்கெல்லாம் பூசுகிறேன், என் தலைக்கு ஆள் வேண்டியிருக்கிறது. பார்லர் வேண்டாம், சமையலறைக்கு வா என்று ஸ்டூலில் உட்காரவைத்தாள். ஏன் என்று பிறகுதான் புரிந்தது. பார்லரில் கண்ணாடி இருக்கிறது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டிவரும். பின்னால் நின்று பிரஷ்ஷை இழுத்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள்.

அவளுக்கு முன்பே பயம் இருந்திருக்கிறது. ஊசி போடுகிறவர்களுக்கு நோய் பரவாமலிருக்க இலவசமாகப் புது ஊசி கொடுக்கிற கிளினிக் வண்டி வரும்போது வாங்கி வந்து, உங்களுடையதோடு கலந்துவிடாமல் இருக்கத் தன்னுடையதில் என் கடைச் சிவப்பு நெயில் பாலிஷால் புள்ளி வைத்திருக்கிறாள். நீங்கள் பார்த்துவிட்டீர்கள். “என்னைப் பாத்தா உனக்கு அருவருப்பா இருக்கா?” என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தானாம். சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் தனித்தனி என்ன வேண்டியிருக்கிறது என்பது உங்கள் வாதம். பயந்துபோய் அத்தனை ஊசியையும் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அதன் பிறகு ஒன்றுதான். அவளுக்குத் தானே போட்டுக்கொள்ள வராது, நீங்கள்தான் போட்டுவிடுவீர்கள். முதலில் உங்களுக்கு, அப்புறம் அதே ஊசியில் அவளுக்கு.

சாப்பாட்டில்தான் ஆம்பிளைகள் முதல் பந்தி என்று நினைத்திருந்தேன். இதிலுமா?

என் கடையில் ஒருத்திக்கு எடுத்த பிளேடை இன்னொருத்திக்கு வைப்பதில்லை. புதுசைப் பிரித்தால், என்னைச் சந்தேகப்படுகிறாயா என்று இதுவரை ஒருத்தியும் கோபித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தது கிடையாது.

கேட்ட அதிர்ச்சியில் தலையைக் கழுவ மறந்து உட்கார்ந்தே இருந்துவிட்டேன். இப்போது என் முடி கத்தரிக்காய் நிறத்தில் இருக்கிறது. புது ஃபேஷனா அக்கா என்று கேட்டு ஒருத்தி அதே நிறம் வேண்டுமென்று போட்டுக்கொண்டும் போனாள். உங்களால் எனக்குக் கிடைத்த வியாபாரம்.

இதோடு முடிந்திருந்தால் திட்டிவிட்டு ஓய்ந்திருப்பேன். டாக்டர் அவளுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார். மூன்று மாதம் போல விடாமல் சாப்பிட்டால் பெரும்பாலும் கிருமி போய்விடும், மறுபடி ஊசியைப் பங்கு போட்டால் மறுபடி வரும் என்றார். மாத்திரைப் பெட்டி ஃபிரிட்ஜ் மேல் பிரிக்காமலே கிடக்கிறது. நாளைக்கு, நாளைக்கு என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தவளைப் பிடித்து உலுக்கினேன். அப்போது சொன்னாள்:

“நான் மட்டும் சரியாகி என்னம்மா பண்றது? திரும்பிப் போறப்ப நீயும் டெஸ்ட் எடு, நீயும் மாத்திரை சாப்பிடுன்னு அவர்கிட்ட சொல்லணும். சொன்னா மறுபடியும் மூஞ்சியத் திருப்பிக்குவாரு. ரெண்டு பேரும் இப்படியே இருந்துட்டா சண்டையே இல்ல.”

சண்டை வரக்கூடாதென்று கல்லீரலைக் கொடுக்கத் தயாராக இருக்கிறாள். நானும் உங்கள் மாமாவும் சண்டை போடாத நாள் கிடையாது, எங்களுக்கு எல்லா உறுப்பும் அதனதன் இடத்தில் இருக்கிறது.

கத்திப் பார்த்தேன். அழுது பார்த்தேன், எனக்கு அழுகை பொருந்தாது, அவள் சிரித்துவிட்டாள். பாலில் பொடித்துக் கலந்துவிடலாமா என்று நர்ஸிடம் ரகசியமாகக் கேட்டேன். அவர் என் தலைமுடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவள் குழந்தை இல்லை அம்மா, அவளாகத்தான் சாப்பிட வேண்டும் என்றார்.

ஊசி போடுகிறவன் என்று உங்களை யாராவது இளக்காரமாகப் பேசினால் எதிர்வீட்டுக்காரிக்கு இருக்கிற கொஞ்சநஞ்சப் புருவமும் போகும், அது வேறு. யாரும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்க்காமல் நீங்களாகவே அந்த இல்லத்துக்குப் போனீர்கள், அதுவும் எனக்குத் தெரியும். என் கோபம் ஊசியின் மேல்கூட அவ்வளவு இல்லை. பயந்து ஒரு பெண் வைத்த சிவப்புப் புள்ளியை அவமானம் என்று எடுத்துக்கொண்டீர்களே, அதன் மேல்தான்.

பெற்று வளர்த்த நான் சொன்னால் கேட்காதவள் நீங்கள் சொன்னால் கேட்பாள். அதனால் உங்களிடம்தான் கெஞ்ச வேண்டியிருக்கிறது. இது கைக்கு வந்த மறுநாள் காலையிலேயே அங்கே ரத்தம் கொடுங்கள். கொடுத்துவிட்டேன், நீ மாத்திரையை இன்றைக்கே ஆரம்பி என்று அவளுக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள். கனவு, சிரிப்பு எதுவும் வேண்டாம். தபால்காரர் வருகிற நேரத்துக்கு நான் கடையை அப்படியே விட்டுவிட்டு வாசலில் நிற்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் மாப்பிள்ளை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவள் அந்தப் பெட்டியைப் பிரிக்கவே மாட்டாள், அதற்காகத்தான் சொல்கிறேன். அதற்காக மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமியார்