கடைக்கு நானே வக்கீல்

ஜூன் 3, திங்கள்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இன்று கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீலம்மா சொன்ன அத்தனைக்கும் தலையாட்டிவிட்டேன். முடிவெட்டுகிறவன் பழக்கம். வருகிறவர் மாமியாரைத் திட்டினாலும் அரசாங்கத்தைத் திட்டினாலும் நான் ஆட்டுவேன். கத்தரி பாட்டுக்கு ஓடும். அந்த அம்மா, “கட்டட உரிமையாளரின் சொந்த உபயோகத்துக்குக் கடை தேவை, வாடகைக்கு இருப்பவர் காலி செய்யக் கடமைப்பட்டவர்” என்று அடுக்க அடுக்க ஆட்டினேன். நீதிபதி கண்ணாடியை இறக்கி, “அப்ப ஒத்துக்கிறீங்களா?” என்றார்.

அதற்கும் ஆட்டினேன்.

“நல்லா யோசிச்சுட்டு பதினேழாம் தேதி வந்து சொல்லுங்க” என்றார்.

ஜூன் 4

மனைவியிடம் சொன்னேன். “நான் சொல்றதுக்கு ஒரு நாளாவது இப்படி ஆட்டியிருக்கீங்களா?” என்றாள்.

ஜூன் 9

ஒத்துக்கொண்டேனா, இல்லையா? பக்கத்துக் கடை தையல்காரர், “முடிஞ்சுது, மூட்டையைக் கட்டு” என்கிறார். மச்சான், “வாயால சொன்னாத்தான் மாமா செல்லும்” என்கிறான். இரண்டு பேரும் கோர்ட் வாசலை மிதித்ததில்லை. வக்கீல் வைக்க வசதி இல்லை. இந்தத் தெருக்காரங்க தலைங்களை விட்டா எனக்கு வேற என்னதான் தெரியும்? கடை போச்சுன்னா எங்க போய் நிப்பேன்?

ஜூன் 17

கோர்ட் வராந்தாவில் வக்கீலம்மாவையே மறித்துக் கேட்டேன். “நான் ஒத்துக்கிட்டேனா இல்லையாம்மா?”

“நான் எதிர்த்தரப்பு. உங்களுக்கு யோசனை சொல்லக் கூடாதுங்க.”

“யோசனை வேணாம். திட்டவாவது செய்யுங்க, ஆனா புரியுற மாதிரி.”

சிரித்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். “நாங்க என்ன கேக்கறோம்னு வேணா சொல்றேன். உரிமையாளர் சம்சாரத்துக்கு முழங்கால் போயிடுச்சு. உங்க கடைக்கு மேலதான் குடியிருக்காங்க, மாடிப்படி ரொம்பச் செங்குத்து. பின்பக்கமா அகலமான படி கட்டணும், அதுக்கு உங்க கடை வேணும்.”

“படிக்கா! இதை யாருமே சொல்லலையே?”

“மனுவில இருக்கே.”

“மனுவில இருக்கும்மா, என் மண்டையில இல்லையே. படிக்கு முழுக் கடையுமா வேணும்?”

கையிலிருந்த மனுவைப் புரட்டிப் பார்த்தார். “நான் உங்க கடையைப் பார்த்ததே இல்லை.”

உள்ளே போய், பேசிப் பார்க்க அவகாசம் வேண்டுமென்று அவரே கேட்டார். நீதிபதி என்னைப் பார்த்து, “உங்களுக்குச் சம்மதமா? வாயால சொல்லுங்க” என்றார். சொன்னேன். எதிரியா இவர், இல்லை வேறு ஏதாவதா? குழப்பமாக இருக்கிறது.

ஜூன் 22

வக்கீலம்மாவும் உரிமையாளரும் டேப்போடு வந்து அளந்தார்கள். பின்பாதி போதுமாம். “நேர்ல வந்து கேட்டிருக்கலாமே அண்ணே?” என்றேன்.

“கேஸ் நடக்கறப்ப பேசக் கூடாதுன்னு நினைச்சேம்பா.”

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எங்களுக்கு யார் இதைச் சொன்னது என்று இருவருக்கும் தெரியவில்லை.

ஜூலை 1

முன்பாதி எனக்கு, பின்பாதி படிக்கு. நீதிபதி சமரச ஒப்பந்தத்தை ஒவ்வொரு வரியாகச் சொல்லி, புரிந்ததை என் வாயால் திருப்பிச் சொல்லச் சொன்னார். தலை தானாக ஆடப் பார்த்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

ஜூலை 20

நடுச்சுவர் முடிந்தது. கொத்தனார் சுத்தமான வேலைக்காரர். சிமெண்ட் படக் கூடாதென்று, நான் சாப்பிடப் போயிருந்தபோது முடிவெட்டும் நாற்காலியைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டுச் சுவரை எழுப்பியிருக்கிறார். நாற்காலி இப்போது அந்தப் பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு இன்னும் வாசலே இல்லை; அடுத்த வாரம்தான் உடைத்துத் திறக்கிறார்கள்.