ஜகார்த்தாவில் இருந்து பிள்ளை வருமட்டும்

14 மே 1998, வியாழன்
விடிய இருந்து மழை. கராஜ் ஒழுக்கு, வாளி வைத்தாயிற்று.

ஆறு மணிச் செய்தியில் ஜகார்த்தா. முப்பது வருஷத்துக்கு மேல் இருந்த ஜனாதிபதி, மார்ச்சில் ஏழாவது தரமும் கதிரையில் ஏறினார். இப்போது ஊர் எரிகிறது. இந்த ஆள் வருஷம் முடிக்க மாட்டார் என்று நான் அப்போதே சொன்னேன். நியூ லின் ரயில் ஸ்டேஷனில் நின்ற சனம் முழுக்கக் கேட்டது. பக்கத்து வீட்டுச் சேகர் சாட்சி.

மகள் சுகந்தியும் மருமகன் ரவியும் அங்கேதான். அவருக்குத் துணி ஆலையில் கணக்கு வேலை. போன் அடித்தடித்து விரல் தேய்ந்தது. எட்டு மணி போல லைன்.

"அப்பா, தெருமுனையில கடை எரியுது. நாங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறம்."

"பிள்ளை, பொட்டை அழி. தாலியை உள்ளுக்கை விடு. வெளியில போனால் வாய் திறக்காதை."

எண்பத்து மூன்றில் கொழும்பில் தமிழரைத் தேடித்தேடி அடித்தபோது அப்படித்தான் கமலாவைக் காப்பாற்றினேன். லொறியை நானே ஓட்டினேன். நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்ததாகக் கமலா சொல்லுவாள். பயத்தில் அவளுக்கு அன்று ஒன்றும் விளங்கவில்லை.

லைன் அறுந்தது.

15 வெள்ளி
மழை விட்டது, காற்று. வேலைக்கு லீவு, வயிற்றுவலி.

இங்கத்தைய வெளிநாட்டு அமைச்சுக்குப் போன். மந்திரியோடு கதைத்த மாதிரித்தான். ஒரு பெண், நல்ல குரல். இந்த நாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர்களை அங்கிருந்து வெளியேறச் சொல்லியிருக்கிறார்களாம்.

வாங்க: பால், பாண், வெங்காயம், கமலாவின் பிரஷர் குளிசை.

பின்னேரம் சேகர். தமிழ்நாட்டுக்காரன், கம்ப்யூட்டர் வேலை. "அங்கிள், அங்க சைனீஸ் ஆளுங்களாப் பாத்துத்தான் அடிக்கிறாங்களாம். இன்டர்நெட்ல போட்டிருக்கு."

தெரியும் என்றேன். தெரியாது.

அவன் போனபிறகுதான் உறைத்தது. பிள்ளை தாயின் நிறம், நல்ல வெள்ளை. சிறிய கண். பொட்டில்லை, தாலியில்லை, வாயும் திறக்காது. சீனத்துப் பிள்ளை என்று நினைத்தால்? என் நிறம் வந்திருந்தால் பயமே இல்லை.

திரும்பத் திரும்ப அடித்தேன். லைன் இல்லை. கமலாவுக்குச் சொல்லவில்லை. சோறு இறங்கவில்லை.

"உங்களுக்கே பசியில்லையெண்டால் உலகம் அழியப்போகுது," என்றாள். அவளும் சாப்பிடவில்லை.

16 சனி
வெயில். புல் வெட்டினேன், பாதி. போன். ஓடினேன்.

"அப்பா, சிங்கப்பூருக்கு வந்திட்டம்."

"பொட்டு?" என்றேன். வேறொன்றும் வாயில் வரவில்லை.

"உங்கடை கொழும்புக் கதை இஞ்சை சரிவராதப்பா. குங்குமத்தைக் குழைச்சு ரூபாய்க் குத்தி அளவுக்கு வைச்சன். தாலியை வெளியில போட்டன். இவருக்குத் திருநீறு பட்டையா. எயார்போர்ட் ரோட்டில தடியோட மறிச்ச பெடியள் எட்டிப் பாத்திட்டு, இந்தியா, இந்தியா எண்டு சிரிச்சு ஹிந்திப் பாட்டும் பாடினாங்கள். இவரும் சேந்து பாடினவர்."

"அவருக்கு ஹிந்தி தெரியாதே."

"நேற்று தெரிஞ்சது."

நிலத்தில் இருந்துவிட்டேன். கமலா போனைப் பறித்தாள். அழுதாள், சிரித்தாள், கோழி காய்ச்சவோ என்று கேட்டாள்.

பிறகு மவுண்ட் ரோஸ்கில் பக்கத்துத் தமிழ் வீடுகள் முழுக்கப் போன் எடுத்தேன். பெரிய பொட்டு வை பிள்ளை என்று நான் சொன்ன புத்தியால்தான் தப்பினார்கள் என்றேன்.

குசினிக்குள் இருந்து கமலா: "ஓம், இஞ்சாருங்கோ, ஹிந்திப் பாட்டும் நீங்கள்தானே சொல்லிக் குடுத்தனீங்கள்."

யோசனை நல்லது. அடுத்த போனில் அதையும் சேர்த்தேன்.

17 ஞாயிறு
எயார்போர்ட். குளிர். கொண்டுபோனது: கம்பளி, பிளாஸ்கில் தேத்தண்ணி, இடியப்பம், ரவிக்கு என் கோட்.

கதவு திறந்து திறந்து மூட, வேறு ஆட்கள். கடைசியில் அவர்கள். பிள்ளை மெலிவு. என்னைக் கட்டிப்பிடித்தபோது நெற்றிக் குங்குமம் என் வெள்ளைச் சேட்டில். கமலா ஊறப்போடச் சொன்னாள். கழற்றவில்லை.

21 வியாழன்
தூறல். ஜனாதிபதி இறங்கிவிட்டார், றேடியோவில் சொன்னார்கள்.

வேலை முடிந்த கையோடு சேகர். வாசலிலேயே பெரிய குரலில்: "அங்கிள், நீங்க சொன்ன மாதிரியே ஆயிடுச்சு. எப்படித் தெரிஞ்சுது?"

விளக்க நிறைய இருக்கிறது. ஆனால் பிள்ளை சோபாவில் நித்திரை. வந்த நாளில் இருந்து இன்றைக்குத்தான் ஒழுங்கான நித்திரை.

மெல்லக் கதை தம்பி என்றேன்.