கையும் பிரௌன் பம்பும்

ஆஸ்பத்திரி வராந்தா
ஜூலை 2000

ஆக்லாந்தில் இருக்கும் அம்மாவுக்கு, மகள் சுஷீலா கும்பிட்டு எழுதுவது.

முதலில் என் விரலுக்குத்தான் தெரிந்தது. காலையில் தம்பி ராஜ்நீலின் கழுத்தை நீவிவிடும்போது, தொண்டைக்குக் கீழே இருக்கும் சின்னக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போனது. மூச்சு இரைந்தால் உடனே இழுக்கும் நீலப் பம்ப் கொடுத்தேன், நின்றது. அரை மணியில் மறுபடி வந்தது. இப்போது தம்பி உள்ளே முகமூடி வழியாக மருந்துப் புகை இழுத்துக்கொண்டிருக்கிறான். பயப்படாதீர்கள் என்று எழுதத்தான் நினைத்தேன். எனக்கே பயமாக இருக்கிறது அம்மா.

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். அப்பாவுக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும், அதனால் பக்கத்தில் இருந்தும் இதைப் படிக்க முடியாது.

நான் பள்ளிக்கூடத்தை விட்டுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தபோது, பிசியோ வினீதா அக்கா விலா எலும்புகளுக்கு நடுவிலும் தோளிலும் எப்படி அழுத்தித் தளர்த்துவது என்று காட்டினார் அல்லவா? இரைப்பு வராமல் தடுக்கக் காலையும் மாலையும் பிரௌன் பம்ப், அதோடு கை. இரண்டும் சேர்ந்தால்தான் பலன் என்றார். அப்படியே செய்தேன். முன்பு மாதத்துக்கு மூன்று தடவை டாக்ஸியில் இங்கே ஓடி வருவோம். பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. மூன்று வாரத்தில் தீரும் நீலப் பம்ப் இரண்டு மாதம் வந்தது. செலவு பாதிக்கும் கீழே இறங்கியது.

மே மாதம் தலைநகர் சுவாவில் கலகம் வந்ததும் பம்ப் விலை ஏறியது. வினீதா அக்கா குடும்பத்தோடு பிரிஸ்பேன் போய்விட்டார். பிரௌன் பம்ப் இழுத்தால் உடனே ஒன்றும் தெரியாது. அதனால் அப்பா, "இவ கையே தவாய். கடை மருந்து எதுக்கு? அந்தக் காசு நாம ஆக்லாந்து போற டிக்கெட்டுக்கு ஆவும்" என்றார். டாக்ஸி ஓட்டும் தேவேந்திரா மாமாகூட அப்பாவிடம், "வீட்டுலயே டாக்டரம்மா இருக்கா மகேந்திரா, என் சவாரி போச்சு" என்று சிரித்தார்.

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட எழுந்து நிற்கப் பயந்தவள் நான். என் கையை யாரும் புகழ்ந்ததில்லை. வினீதா அக்கா சொன்னது நினைவில் இருந்தும் வாயைத் திறக்கவில்லை. மூன்று வாரமாக வீட்டில் பிரௌன் பம்ப் இல்லை. நம் ஊர் புலிலேகா முழுக்கக் கரும்பு எரிக்கும் புகை வேறு. நீங்கள் போனில் கேட்டபோது எல்லாம் சரி என்றேன்.

வரும் வழியில் பாலத்தில் துப்பாக்கியோடு நின்றவர்கள் தேவேந்திரா மாமாவின் காரை நிறுத்தினார்கள். ஒருவர் ஜன்னலுக்குள் தலையை விட்டார். நான் தம்பியின் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை. அவன் மூச்சு விசில் அடித்தது. அதைக் கேட்டவர் போங்கள் என்று கை காட்டினார். மாமா ஆஸ்பத்திரி வாசல்வரை எங்கும் நிறுத்தாமல் ஓட்டினார்.

பிரௌன் பம்ப் தினமும் எடுக்கிறானா என்று டாக்டர் கேட்டார். அப்பா என்னைப் பார்க்காமல், ஒரு நாளும் தவறவில்லை என்றார். சுவாவிலிருந்து மருந்து வரவில்லையாம். இங்கே இருப்பது நாலே நாலு பிரௌன் பம்ப், வீட்டில் அந்தப் பம்ப் இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும்தான் தருவார்களாம். "உங்களிடம் இருப்பதால் நீலம் மட்டும் எழுதித் தருகிறேன்" என்று டாக்டர் சொல்லிவிட்டு உள்ளே போனார். அப்பா தலையாட்டினார்.

வெட்கத்தில் சொல்லிவிட்டார் அம்மா, வேறொன்றும் இல்லை. அவர் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டே இருக்கிறார். அவர்மேல் கோபப்படாதீர்கள். என்மேல் கோபப்படுங்கள். தம்பிக்காக அங்கே ஒரு விளக்கு ஏற்றுங்கள்.

டாக்டர் சீட்டோடு வருகிறார்.

மீதியை இப்போது எழுதுகிறேன். எழுந்து போனேன். அப்பா பக்கத்தில் நிற்கும்போதே, பிரௌன் பம்ப் மூன்று வாரமாக வீட்டில் இல்லை என்று டாக்டரிடம் சொன்னேன்.

உங்கள் மகள்
சுஷீலா