செல்லம்மாளுக்கு வராத மஞ்சள் காமாலை

ஓய், யாருமே நம்பாத கதை ஒன்றை உமக்கு எழுதப்போகிறேன் என்று என் கறுப்புக் கோட்டின் மேல் கைவைத்து உறுதி கூறுகிறேன். இந்தக் கோட்டுக்கு வயது, தாமிரபரணிக்கு அடுத்தபடி. இன்று காலை அதன் உள்பையில் கைவிட்டபோது காய்ந்த கிராம்பு ஒன்று அகப்பட்டது. நீர் கொடுத்ததுதான். இருமலுக்கென்று டப்பா நிறைய வைத்திருப்பீரே. நீர் இங்கே இருமினால் மாஞ்சோலை மலையில் தேயிலை உதிரும், அப்பேர்ப்பட்ட இருமல். மோந்து பார்த்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உம்மை அடக்கம் செய்து நாலு மாதம் ஆகிறது.

முப்பது வருடம் எதிரெதிர் வக்கீல்களாக நின்றோம். நான் எந்தக் கோர்ட்டுக்கும் நேரத்துக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை. எனக்குத் துணையாகச் சூரியனே பிந்தி உதித்த நாட்கள் உண்டு. வழக்கின் பெயரைக் கூப்பிடுவார்கள். நான் இருக்க மாட்டேன். "விட்ராதீய, தள்ளுபடி ஆகட்டும்" என்று உம்முடைய கட்சிக்காரர் உம் காதைக் கடிப்பார். நீரோ எழுந்து நின்று, வக்கீல் வந்துகொண்டிருக்கிறார், கொஞ்சம் பிந்திக் கூப்பிடலாம் என்று நீதிபதியிடம் கேட்பீர். நான் மூச்சுவாங்க வந்து உட்கார்ந்ததும் மேசைக்கு அடியில் ஒரு கிராம்பு வந்து சேரும்.

"ஏன்வே எனக்காக எழும்புதீரு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உம்மைப் பேசி ஜெயிக்கணும்வே. நீரு பஸ்ஸுல தொங்கிக்கிட்டு வரும்போது ஜெயிச்சா, வீட்டுல போயி என்னன்னு சொல்லிக்கிடது?"

ஆழ்வார்குறிச்சி செல்லம்மாளை நீர் மறந்திருக்க மாட்டீர். அவள் வீட்டுக்குப் போகும் பாதையை மறித்துச் சுவர் எழுப்பிய பக்கத்து வீட்டுக்காரருக்கு நீர்தானே வக்கீல். அவள் புருஷன் செத்தபோது பாடையை அந்தச் சுவருக்கு மேலே தூக்கித்தான் வெளியே கொண்டுவந்தார்கள். பீடி சுற்றிப் பிழைக்கிறவள் பதினோரு வருடமாக என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "என்னையும் அப்படிச் சுவரேத்திப்பிடாதீய அய்யா."

போன மாதம் அந்த வழக்கு தள்ளுபடி ஆகிவிட்டது. தோற்றேன் என்றுகூடச் சொல்ல முடியாது. தோற்பதற்காவது நான் அங்கே இருந்திருக்க வேண்டும்.

அன்று காலை வண்ணார்பேட்டையில் ஒரு டீக்கடையில் உம்முடைய கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உம்முடைய குறுக்கு விசாரணை தாங்காமல் ஒரு சாட்சி, அடுத்த பிறவியில் செய்யப்போகும் திருட்டையும் ஒப்புக்கொண்ட கதை. கடையே சிரித்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு இன்னொரு டீ சொன்னேன். அதுதான், ஓய், என்னால் தாங்க முடியவில்லை. நேரம் தெரியாமல் இருந்தவன் இல்லை நான். முப்பது வருடப் பழக்கம். அங்கே எழுந்து நிற்க நீர் இருக்கிறீர் என்று என் உடம்பு நம்பிக்கொண்டிருந்தது.

மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். உம்முடைய இடத்துக்கு வந்திருக்கும் இளம் வக்கீல் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சட்டம் அவரை எழுந்து நிற்கச் சொல்லவில்லை. உம்மையும்தான் சொன்னதில்லை.

வழக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி மனுப் போட வேண்டும். காரணம் எழுத நம் தொழிலில் ஒரே ஒரு நோய்தானே உண்டு? கட்சிக்காரருக்கு மஞ்சள் காமாலை, நாட்டு வைத்தியம், படுத்த படுக்கை. "உம்ம மனுவையெல்லாம் படிச்சா இந்த ஜில்லாவுல ஒருத்தன் ஈரலும் உருப்படியா இல்ல போலுக்கே" என்று நீர் கேலி செய்த அதே மனு. கை தானாக எழுதிவிட்டது. செல்லம்மாளை வரவழைத்துப் படித்துக் காட்டினேன்.

"எனக்கு எங்கய்யா காமாலை வந்துச்சு? அன்னைக்கும் பீடி சுத்திக்கிட்டுல்லா இருந்தேன். தெருவே பாத்துச்சு."

"எல்லாரும் அப்படித்தாம்மா எழுதுவாக."

"எழுதட்டும். நான்லா சத்தியம் பண்ணிக் கைநாட்டு வைக்கணும்? நாளைக்குக் கூண்டுல ஏறி, எம் புருஷனைச் சுவருக்கு மேல தூக்குனோம்னு சொல்லுவேன். அதையும் காமாலை மாதிரின்னு தள்ளிட்டா?"

குறுக்கு விசாரணையில் அவள் உமக்குச் சளைத்தவள் இல்லை, ஓய்.

அவள் போன பிறகு கோட்டைச் சுருட்டி ஆற்றில் விட்டுவிடலாம் என்று கொக்கிரகுளம் வரை நடந்தேன். பாலத்தில் நின்று, இத்தனை வருடத்தில் என்ன சம்பாதித்தேன் என்று யோசித்தால், ஜெயித்த வழக்கு ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. எனக்காக எதிர்த்தரப்பிலிருந்து ஒருவர் எழுந்து நின்றதுதான் வந்தது, திரும்பத் திரும்ப. உயிரோடு இருந்தபோது ஒரு நன்றி சொன்னேனா? கிராம்பு காரமாக இருக்கிறது என்று குறைதான் சொன்னேன்.

கோட்டோடு திரும்பி வந்தேன். காமாலைப் பத்திரத்தைக் கிழித்தேன். செல்லம்மாள் பெயர் இருந்த இடத்தில் என் பெயரைப் போட்டு வேறொன்று எழுதினேன்.

நாளை விசாரணை. அவள் முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். நான் அதற்கும் முன்னால் போய்விடுவேன், நம்பும். நீதிபதி என்ன சொல்வாரோ, அந்த இளைஞர் ஆட்சேபிப்பாரோ, தெரியாது. மனு தள்ளுபடியானால் அந்தச் சுவரின் மேல் இன்னொரு வரிசைக் கல்லை நானே வைத்ததாக ஆகும். கிராம்பைத் திரும்பக் கோட்டுப் பையிலேயே போட்டுக்கொண்டேன். நாளை அந்த மேசைக்கு அடியிலிருந்து ஒன்றும் வராது.

சூரியன் பிந்தி உதித்தது பொய். தேயிலை உதிர்ந்தது பொய். அடுத்த பிறவித் திருட்டும் நான் கட்டிய கதைதான். ஆனால் பிரமாணப் பத்திரத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "மனுதாரர் நல்ல உடல்நலத்துடன் இருந்தார். அவருடைய வக்கீலாகிய நான் டீக்கடையில் கதை பேசிக்கொண்டிருந்தேன்." அந்த இரண்டு வரி முழுக்க உண்மை, ஓய்.