பதினான்காம் துளை

யூகான், கனடா
12.01.2025

அன்புள்ள மாமாவுக்கு,

போனில் பேசினால் இரண்டாம் நிமிஷமே சண்டை வருகிறது. அதனால் இனி மெயிலில் கடிதம்தான். கல்யாணமான மறுவருஷமே பெண்டாட்டியைக் கனடாவுக்கு அனுப்பிய போர்வெல் ரிக் ஓனர் திருச்செங்கோட்டில் நீங்கள் ஒருவர்தான். அது எனக்குத் தெரியாமலில்லை.

இங்கே வருஷம் முழுக்க மண் உறைந்தே கிடக்கும்; இப்போது சில இடங்களில் இளகத் தொடங்கியிருக்கிறது. நாற்பது துளை போட்டு வெப்பமானி இறக்கியிருக்கிறார்கள். அவை அனுப்பும் எண்களைக் கொண்டு, எந்த நிலம் எப்போது இளகும், எந்த வீடு சாயும் என்று கம்ப்யூட்டரைக் கணிக்கவைப்பது என் வேலை. பதினான்காம் துளை மட்டும் அக்கம்பக்கத்தைவிட அதிகச் சூடு காட்டுகிறது. அங்கே பத்துக் குடும்பங்கள் இருக்கின்றன. காலி செய்யச் சொல்லலாமா என்று கேட்கிறார்கள். இது தெளியாமல் மார்ச்சில் ஊருக்கு வர முடியாது. கோபிக்காதீர்கள்.

பிரவீனா

திருச்செங்கோடு
15.01.2025

பிரவீனா சாமிக்கு,

மாட்டுப்பொங்கல் என்று ரிக்கை நிறுத்தியிருக்கிறோம். டிரில்லர் சின்னராஜிடம் உன் கதையைச் சொன்னேன். "ஏனுங்க, அந்தப் போர் எப்பப் போட்டதுன்னு அம்மணியக் கேட்டீங்களா?" என்றான். துளை போட்டு வெளியே எடுத்த டிரில் பிட்டை உடனே கையால் தொட முடியுமா? துளைக்குள்ளும் அந்தச் சூடு இருக்குமே. தேதியைப் பார். அப்படியே மார்ச் டிக்கெட்டையும் பார்.

தமிழரசு

யூகான்
20.02.2025

அன்புள்ள மாமா,

சின்னராஜ் அண்ணனுக்கு ஒரு கும்பிடு. பழைய துளை இடிந்து, நவம்பரில் பக்கத்திலேயே புதிது போட்டார்களாம். என் அட்டவணையில் பழைய தேதியே கிடந்தது. நான் பார்க்கவில்லை, வெட்கமாக இருக்கிறது. உறைந்த மண்ணில் அந்தச் சூடு தணிய மாதக்கணக்கில் ஆகுமாம். யாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை.

இன்னொன்று. மேலும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். எனக்கு ஆசைதான். ஆனால் உங்களைக் கேட்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். வேண்டாமென்றால் வந்துவிடுகிறேன்.

பிரவீனா

திருச்செங்கோடு
01.03.2025

என் பிரவீனாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே, "அங்கேயே இருந்துகொள், இனி வரவே வேண்டாம்" என்று எழுதினேன். அனுப்பவில்லை. புதுத் துளையில் உடனே சூடு பார்க்கக் கூடாதே, அதனால் ஒன்பது நாள் ஆறப்போட்டேன்.

இப்போது சொல்கிறேன், கையெழுத்துப் போடு. நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை, அதுவும் நிஜம். மழைக்காலத்தில் ரிக்குக்கு வேலை குறைவு. ஐப்பசியும் கார்த்திகையும் அங்கே வந்துவிடுகிறேன். நேற்று சேலம் போய்ப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று.

"அந்தப் போரை ஒரு போட்டோ புடிச்சாந்திருங்க" என்கிறான் சின்னராஜ். முதலில் உன்னைப் பார்த்துவிட்டு அப்புறம் எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் தமிழரசு