உங்கள் போனில் கேட்ட ரொட்டி வண்டி

அன்புள்ள லெனாக்ஸ்,

நலமா? முட்டிவலி குறைந்ததா? அத்தை வேளாவேளைக்கு மாத்திரை சாப்பிடுகிறார்களா? இந்த ஆன்டிகுவா தீவில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன், கவலை வேண்டாம்.

ஹோட்டலுக்கு வருகிறவர்களுக்கு இ-சிம் போட்டுக் கொடுப்பதும் இப்போது என் வேலைதான். போன மாதம் நீங்களும் கேட்டீர்களே, "நண்பன் ஒருத்தன் வெளியூர் போறான், இ-சிம் போட்டா வாட்ஸ்அப் நம்பர் மாறிடுமா?" என்று. "மாறாது. எந்த ஊர்லேருந்து பேசறான்னே யாருக்கும் தெரியாது" என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டு, "கயானாவுல ஒரே மழை, வீட்டைவிட்டு நகரல" என்றீர்கள். அப்போது உங்கள் போனில் ஒலிபெருக்கி அலறியது: "ரொட்டி சூடா இருக்கு, தூங்குமூஞ்சிகளா, எழுந்திருங்க!" ஒரு பெண் குரல், "லெனாக்ஸ், ரெண்டு வாங்கட்டுமா?" என்று கேட்டது. நீங்கள் சட்டென்று போனை வைத்துவிட்டீர்கள்.

கொஞ்ச நேரத்தில் அதே வண்டி, அதே அலறலோடு என் தெருவுக்கு வந்தது. நானும் ஒன்று வாங்கினேன். சூடாகத்தான் இருந்தது.

முடிந்தால் அத்தை காய்ச்சும் மரவள்ளிச் சாறு ஒரு புட்டி அனுப்புங்கள். இங்கே விற்கிற சாற்றில் கறிக்கு நம் வீட்டு ருசி வருவதில்லை. இந்தப் பக்கம் வருவதாக இருந்தால், வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். என்னைப் பார்க்க மாடி ஏற வேண்டாம், முட்டி வலிக்கும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. பதிலை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், கடிதமாகவே போடுங்கள். தபால் முத்திரையில் ஊர் பெயர் இருக்கும்.

உங்கள் மனைவி, கோரெட்டா